வைசன்போர்ன் கிட்டார்: அலங்காரமும் ஒலியும்

வைசன்போர்ன் என்பது மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கப்படும் ஹவாய் வகைக் கிட்டார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹெர்மன் வைசன்போர்ன் என்ற ஜெர்மானியக் கைவினைஞர் 1910-களின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரை இதைச் செய்து விற்றார். கழுத்து உள்ளீடற்றது என்பதும், உடல் ஹவாய்த் தீவுகளின் கோவா மரத்தால் ஆனது என்பதும் இதன் முதன்மை அடையாளங்கள். பழைய கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடும் கருவிகளில் இது ஒன்று. இதே அமைப்பில் வேறு எவர் செய்த கருவியும் இன்று 'வைசன்போர்ன்' என்றே அழைக்கப்படுகிறது.

இக்கருவியைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி சேகரிப்பாளர்களை மனதில் கொண்டு எழுதப்படுவது. எந்த ஆண்டு, எந்த மாதிரி, எவ்வளவு பழுதில்லாதது என்ற கேள்விகளே முன்னிற்கின்றன. அவை பயனற்ற கேள்விகள் அல்ல. ஆனால் அவை கருவியின் விலையைச் சொல்கின்றனவே தவிர, அதன் தகுதியைச் சொல்வதில்லை. விலைக்கும் தகுதிக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள, கருவியின் அமைப்பிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் தொடங்க வேண்டும்.

அமைப்பு

சாதாரணக் கிட்டாரில் இடக்கை விரல்கள் தந்தியை மெட்டின் மேல் அழுத்துகின்றன. ஆகவே தந்திகள் விரற்பலகைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். கழுத்து கைக்குள் அடங்கும் அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். சற்றும் வளையாத அளவுக்கு உறுதியாகவும் இருக்க வேண்டும். ஹவாய் முறையில் இந்த மூன்று நிபந்தனைகளும் இல்லை. எஃகுத் துண்டு தந்தியைத் தொட்டுச் செல்கிறதே தவிர, அதை மெட்டின் மேல் அழுத்துவதில்லை. தந்திகள் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். மெட்டுகள் புடைத்து நிற்காமல், சுரம் இருக்கும் இடத்தைக் காட்டும் கோடுகளாக மட்டும் பதிக்கப்பட்டிருக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இம்முறை அந்நியமானதல்ல. கோட்டு வாத்தியம் என்றும் சித்ரவீணை என்றும் அறியப்படும் கருவியும் மெட்டுகள் இல்லாதது. கருங்காலி போன்ற மரத்துண்டைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிக்கப்படுவது. கர்நாடக இசையில் ஜாரு எனப்படும் தொடர் நகர்வு அதில் எவ்வளவு இயல்பாக வருமோ, ஹவாய்க் கிட்டாரிலும் அவ்வளவு இயல்பாக வரும்.

கழுத்தைக் கை பற்ற வேண்டியதில்லை என்றால், அது மெலிந்திருக்க வேண்டியதுமில்லை. வைசன்போர்னின் கழுத்து உடலிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்பதில்லை. உடலின் பக்கப் பலகைகளே நீண்டு, குறுகி, தலை வரை செல்கின்றன. உள்ளே இருக்கும் காற்றறையும் அவற்றோடு சேர்ந்து நீள்கிறது. மேற்பலகைக்கு அடியில் பெருக்கல் குறி வடிவில் தாங்கு சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கும். பலகைகள் மெல்லியவை. உடலின் ஆழமும் சாதாரணக் கிட்டாரைவிடக் குறைவு. கையில் எடுத்தவுடன் தெரிவது இதன் எடையின்மைதான்.

கோவா, வேல மர இனத்தைச் சேர்ந்தது. ஹவாய்த் தீவுகளுக்கு வெளியே இயற்கையாக வளராதது. ஹவாய் மக்கள் அதில் படகுகளும் அலைச்சறுக்குப் பலகைகளும் செய்தனர். அவர்களுடைய மொழியில் அச்சொல்லுக்கு வீரன் என்ற பொருளும் உண்டு. பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பு வரை நிறம் மாறும் இம்மரத்தில் சில துண்டுகள் ஒளி படும் கோணத்துக்கேற்ப அலையலையாக மின்னும்.

ஹவாய் முறையின் தோற்றம்

எஃகுத் துண்டால் கிட்டார் வாசிக்கும் முறையை உருவாக்கியவராகப் பெரும்பாலோர் ஏற்பது ஜோசப் கெக்குகு என்ற ஹவாய்க்காரரை. அவர் 1874-ல் ஓவாஹு தீவின் லாயியே என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே அவர் இம்முறையைக் கண்டடைந்ததாகச் சொல்லப்படுகிறது. இருப்புப்பாதை ஓரம் கிடந்த திருகாணி ஒன்று தந்தியில் உரசியதில் எழுந்த ஒலி அவரைக் கவர்ந்தது என்பது பரவலாக வழங்கும் கதை. கேப்ரியல் டேவியன், ஜேம்ஸ் ஹோவா ஆகியோரின் பெயர்களும் முன்னோடிகளாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் இதை ஒரு முழுமையான வாசிப்பு முறையாக வளர்த்து, மேடைக்குக் கொண்டுசென்றவர் கெக்குகு என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. 1904-ல் அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். பின்னர் ஐரோப்பாவிலும் வாசித்தார். 1932-ல் நியூ ஜெர்சியில் மறைந்தார்.

இந்த இசை அமெரிக்காவுக்குச் சென்ற காலம் கவனிக்கத்தக்கது. 1893-ல் ஹவாய் அரசி லிலியுகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-ல் ஹவாய் மொழி பள்ளிகளில் பயிற்றுமொழி என்ற இடத்தை இழந்தது. 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தன் நாட்டில் அரசையும் மொழியையும் இழந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தின் இசை, அந்த இழப்புக்குக் காரணமான நாட்டில் கேளிக்கையாகப் பரவியது.

1912-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'தி பேர்ட் ஆஃப் பாரடைஸ்' என்ற நாடகம் ஹவாய் இசைக்கலைஞர்களோடு அரங்கேறியது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பன்னாட்டுக் கண்காட்சியில் ஹவாய் அரங்கின் இசை பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஹவாய் இசைத்தட்டுகள் அமெரிக்காவெங்கும் விற்றன. கேட்டவர்கள் வாசிக்கவும் விரும்பினர். கிட்டாரும் பாடப் புத்தகமும் தேவைப்பட்டன. அதற்கான சந்தை உருவானது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டறைகள்

வைசன்போர்ன் 1902 வாக்கில் ஜெர்மனியிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர். 1910 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். பியானோவும் வயலினும் செய்வதிலும் பழுதுபார்ப்பதிலும் தேர்ந்தவர். ஹவாய் இசை மோகம் எழுந்தபோது அத்திறனை அவர் கிட்டார் பக்கம் திருப்பினார். 1920-களில் அவருடைய பட்டறை ஹவாய்க் கிட்டார்களோடு யுகுலேலே, ஸ்பானிய வகைக் கிட்டார் ஆகியவற்றையும் செய்தது.

உள்ளீடற்ற கழுத்து அவருடைய கண்டுபிடிப்பு அல்ல என்பதே இன்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் முடிவு. நார்வேயில் பிறந்து, வாஷிங்டன் மாநிலத்தில் கிட்டார் செய்துவந்த கிறிஸ் நட்சன், வைசன்போர்னுக்கு முன்பே அவ்வகை ஹவாய்க் கிட்டார்களைச் செய்தார். உடலின் ஒரு பகுதி கைபோல நீண்டு, கூடுதல் தந்திகளைத் தாங்கும் யாழ் கிட்டார்களுக்காகவும் அவர் அறியப்படுகிறார். அந்த நீட்சிக்குள்ளும் காற்றறை உண்டு. அதிலிருந்து உள்ளீடற்ற கழுத்துக்கு வருவது ஒரு சிறிய படிதான். பின்னர் நட்சனும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தார்.

நட்சனின் கருவிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பலவற்றில் வேலைப்பாடு கரடுமுரடானது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை மாற்றிப் பார்த்திருப்பார். வைசன்போர்ன் அந்த வடிவத்தை ஒழுங்குபடுத்தினார். அளவுகளை நிலைப்படுத்தி, எண்ணிட்ட மாதிரிகளாக விற்றார். புதிதாக எண்ணியவர் ஒருவர், அதைச் செம்மையாக்கியவர் மற்றொருவர். வரலாறு செம்மையாக்கியவரின் பெயரை எடுத்துக்கொண்டது.

மறைவும் மீட்பும்

இக்கருவியின் வீழ்ச்சிக்குக் காரணம் ஒலியின் அளவு. வீட்டுக் கூடத்தில் இனிமையாகக் கேட்ட கிட்டார், பித்தளை ஊதுகருவிகள் நிறைந்த நடனக் குழுவுக்கு நடுவில் கேட்கவில்லை. மேடைகளில் ஹவாய்க் கிட்டார் வாசித்துவந்த ஜார்ஜ் போஷாம், உரத்த கருவி வேண்டும் என்று ஜான் டோப்பேராவை நாடினார். அலுமினியக் கூம்புகள் பொருத்திய உலோக உடல் கிட்டார் பிறந்தது. 1927-ல் நேஷனல் நிறுவனம் அதை விற்கத் தொடங்கியது. அடுத்து போஷாம் மின்காந்த முறையில் ஒலியைப் பெருக்கும் வழியைத் தேடினார். ரிக்கன்பேக்கருடன் இணைந்து அவர் 1932-ல் சந்தைக்குக் கொண்டுவந்த, 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்ற கருவியே வணிக வெற்றி பெற்ற முதல் மின் கிட்டார். அதுவும் மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கிட்டார்தான்.

ஆக, மின் கிட்டாரின் வரலாறு ஹவாய் முறையிலிருந்தே தொடங்குகிறது. அதே வரலாறு மரத்தாலான ஹவாய்க் கிட்டாரை வழக்கொழிந்ததாக்கியது. 1930-களில் வைசன்போர்ன் மறைந்தார். பட்டறையும் முடிவுக்கு வந்தது. அவருடைய கருவிகள் பல வீடுகளில் மூலையில் கிடந்தன.

பல பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் வாசிப்பவர்களே. டேவிட் லிண்ட்லி (1944–2023) அவர்களில் முதன்மையானவர். அவர் ஹவாய்ப் பாடல்களை மட்டும் அதில் வாசிக்கவில்லை. தன் காலத்து இசையை வாசித்தார். 1994-ல் முதல் தொகுப்பை வெளியிட்ட பென் ஹார்ப்பர் இளைய தலைமுறையிடம் இக்கருவியைக் கொண்டுசேர்த்தார். கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் அவருடைய தாத்தாவும் பாட்டியும் 1958-ல் தொடங்கிய இசைக்கருவிக் கடையில் பழைய கருவிகளுக்கு நடுவே வளர்ந்தவர் அவர். கருவியை ஒலிவாங்கியோடு இணைத்து, மின் கிட்டார்களும் முரசுகளும் முழங்கும் அரங்குகளில் வாசித்தார். எந்தப் போட்டியில் இக்கருவி தோற்றதோ, அதே களத்தில் அது மீண்டும் ஒலித்தது.

சேகரிப்பாளர்களின் அளவுகோல்கள்

விலையை நிர்ணயிக்கும் அளவுகோல்களில் முதலாவது மாதிரி எண். வைசன்போர்ன் ஹவாய்க் கிட்டார்கள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிடப்பட்டன. ஒன்றாம் மாதிரி மிக எளிமையானது. நான்காம் மாதிரியில் விளிம்புகளிலும் ஒலித்துளையைச் சுற்றியும் விரற்பலகையிலும் தலையிலும் 'கயிற்று' வேலைப்பாடு இருக்கும். வெளிர் நிற, கரு நிறத் துண்டுகளைச் சாய்வாக மாற்றி மாற்றிப் பதித்து, முறுக்கிய கயிறுபோலத் தோன்றச் செய்யும் அலங்காரம் அது. நான்காம் மாதிரியே அதிக மதிப்புடையது.

நான்கு மாதிரிகளும் அடிப்படையில் ஒரே உடல்தான். வேறுபாடு அலங்காரத்தில் இருக்கிறது. அன்றைய கடைக்காரர் வாடிக்கையாளரின் வசதிக்கேற்ப விலை சொல்ல உருவாக்கிய படிநிலை இது. நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே படிநிலை கலைத் தகுதியின் படிநிலையாக வாசிக்கப்படுகிறது. கைவேலை என்பதால் கருவிக்குக் கருவி ஒலி வேறுபடும் என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாடு மாதிரி எண்ணைப் பின்தொடர்வதில்லை. பலகையின் கனம், சட்டங்களின் செதுக்கல், மரம் உலர்ந்த விதம் ஆகியவற்றைப் பொறுத்தது அது. சிறந்த ஒன்றாம் மாதிரி, சாதாரணமான நான்காம் மாதிரியைவிட நன்றாக ஒலிப்பது முற்றிலும் இயல்பு.

இரண்டாவது அளவுகோல் மரத்தின் வரிகள். அலையலையாக மின்னும் கோவாவுக்கு மதிப்பு அதிகம். அந்த மின்னலுக்குக் காரணம் மர இழைகள் நேராகச் செல்லாமல் வளைந்து செல்வது. கண்ணுக்கு அது விருந்து. அதனால் ஒலி மேம்படும் என்று சொல்ல அடிப்படை இல்லை. நேரான இழை கொண்ட மரமே எடைக்கு ஏற்ற விறைப்பைத் தரும் என்பது கருவி செய்பவர்களின் பொதுவான அறிவு.

மூன்றாவது அளவுகோல் மாற்றப்படாத நிலை. மூன்றிலும் விரிவாக விவாதிக்க வேண்டியது இதுதான். ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து 60 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவையை மெல்லிய பலகையின் மேல் செலுத்துகின்றன. வௌவால் சிறகு வடிவிலான குதிரை மெல்ல மேலெழும். பலகை புடைக்கும். ஈரமும் வெப்பமும் மாறும்போது பசை விட்டு உள்சட்டங்கள் கழலும். கோவா வெடிக்கும். இவை எல்லாம் கருவியின் குறைகள் அல்ல. அதன் ஒலிக்குக் காரணமான மென்மையின் மறுபக்கம். பலகை தடித்திருந்தால் இவை நேர்ந்திருக்காது. அந்த ஒலியும் இருந்திருக்காது.

ஆகவே நூறாண்டு கடந்த ஒரு வைசன்போர்ன் பழுதே இல்லாமல் இருக்கிறது என்றால், அது அதிகம் வாசிக்கப்படாமல் இருந்திருக்க வாய்ப்புண்டு. தொடர்ந்து வாசிக்கப்பட்ட கருவி எங்கோ ஒட்டப்பட்டிருக்கும், ஏதோ ஓர் உறுப்பு மாற்றப்பட்டிருக்கும். சந்தை முன்னதற்குப் பரிசளிக்கிறது, பின்னதற்கு விலை குறைக்கிறது. அஞ்சல்தலைக்கும் நாணயத்துக்கும் பொருந்தும் தர்க்கம் இது. இசைக்கருவிக்கு இது பாதி மட்டுமே பொருந்தும். பழைய பாகங்கள் அப்படியே இருக்கும் ஒரு கருவி, செய்தவரின் முறைகளைக் கற்பதற்கான ஆவணம். அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் திறமையாகப் பழுதுபார்க்கப்பட்டு வாசிக்கப்படும் கருவியை அதைவிடத் தாழ்ந்ததாகக் கருதுவது, எதற்காக அது செய்யப்பட்டதோ அதை மறப்பதாகும்.

சேகரிப்பாளர்களின் பங்களிப்பு

இந்த விமர்சனம் சேகரிப்பாளர்களின் பங்கை மறுப்பதாகாது. அருங்காட்சியகங்களும் இசைக் கல்வி நிறுவனங்களும் பெரிதாகக் கருதாத காலத்தில், இக்கருவிகளைத் தேடி எடுத்துப் பாதுகாத்தவர்கள் அவர்கள். விலை ஏறியதால்தான் பரணில் கிடந்த பல கருவிகள் குப்பைக்குப் போகாமல் தப்பின.

ஆய்வுக்கும் அவர்களே அடித்தளமிட்டனர். பழைய கருவிகள் பலவற்றில் செய்தவர் பெயரோ ஆண்டோ இருப்பதில்லை. தலையின் வடிவம், குதிரையின் வளைவு, உள்சட்டங்களின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டே ஒரு கருவி யாருடையது என்று முடிவுசெய்ய வேண்டியுள்ளது. கிறிஸ் நட்சனின் வாழ்க்கையையும் கருவிகளையும் பற்றி ஜார்ஜ் நோவும் டேனியல் மோஸ்ட்டும் எழுதி 1999-ல் வெளியான நூல் இத்தகைய பொறுமையான உழைப்பின் விளைவு. வைசன்போர்னுக்கு முன் நட்சன் இருந்தார் என்று இன்று சொல்ல முடிவது அதனால்தான். பட்டியலிடும் ஆர்வம் வரலாறாக மாறும்போது சேகரிப்பு தன் சிறந்த நிலையை அடைகிறது.

பொருளும் முறையும்

சேகரிப்பால் பாதுகாக்க முடியாத ஒன்று உண்டு. அது வாசிப்பு முறை. ஹவாய்க் கிட்டார் உலகெங்கும் பரவியது கோவா மரத்தின் வழியாக அல்ல, வாசிப்பவர்களின் வழியாக. இதற்கு இந்தியாவே நல்ல சான்று. சமோவாவில் பிறந்து, கெக்குகுவின் ஊரான லாயியேவில் வளர்ந்த டவ் மோ, தன் குடும்பத்தோடு ஆசியாவெங்கும் இசைப்பயணம் செய்தார். 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். வங்காளத்தில் ஹவாய்க் கிட்டார் வேரூன்றியதில் அவருக்குப் பங்குண்டு. பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா அம்முறையை இந்துஸ்தானி ராக இசைக்குக் கொண்டுவந்தார். விஷ்வ மோகன் பட் கூடுதல் தந்திகளைச் சேர்த்து மோகன வீணையை உருவாக்கினார். அமெரிக்கரான ரை கூடருடன் சேர்ந்து செய்த தொகுப்புக்காக அவருக்கு 1994-ல் கிராமி விருது கிடைத்தது.

இந்த வரலாற்றுக்கு வைசன்போர்ன் கருவி தேவைப்படவில்லை. தந்திகளை உயர்த்திக் கட்டிய கிட்டாரும் ஓர் எஃகுத் துண்டும் போதுமாயிருந்தன. அமெரிக்க இசைக்கலைஞரும் பழைய கருவிகளின் ஆய்வாளருமான பாப் பிராஸ்மன் (1954–2013) இதை உணர்ந்தவர். பழைய கருவிகளைத் தேடியவர், அவற்றை வாசித்த முதியவர்களையும் தேடினார். 1989-ல் டவ் மோ குடும்பத்தோடு சேர்ந்து அவர் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஒரு முதிய கலைஞரின் நினைவில் மட்டும் இருந்த இசை அவ்வாறு பதிவானது. எந்தக் கண்ணாடிப் பெட்டியாலும் அதைச் செய்திருக்க முடியாது.

பெயரைப் பற்றிய கேள்வியும் இங்கேதான் எழுகிறது. வாசிப்பு முறை ஹவாய் மக்களுடையது. மரம் அவர்களுடைய காடுகளிலிருந்து வந்தது. மேய்ச்சலாலும் மரவெட்டாலும் அக்காடுகள் பெரிதும் சுருங்கிவிட்டன. வடிவத்தின் முதல் சோதனைகள் நட்சனுடையவை. ஆனால் மொத்தத்துக்கும் நிலைத்த பெயர் வைசன்போர்ன். அவர் எவரையும் ஏமாற்றவில்லை, தன் கருவிமேல் தன் பெயரை இட்டார். பெயர் பொறிக்கப்பட்ட பொருளையே சந்தை எளிதாக நினைவில் வைக்கிறது. வாசிப்பு முறையில் எவர் பெயரையும் பொறிக்க முடியாது. ஆகவே கெக்குகுவின் பெயர் ஏல அறிவிப்புகளில் வருவதில்லை.

மதிப்பீடு

வைசன்போர்ன் கிட்டார் அதற்குரிய புகழுக்குத் தகுதியானதே. ஒரு வாசிப்பு முறை என்ன கேட்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, தேவையற்ற அனைத்தையும் நீக்கியதில் அதன் சிறப்பு இருக்கிறது. கழுத்து விறைப்பாக இருக்க வேண்டியதில்லை என்றவுடன் அது காற்றறையின் பகுதியாகிறது. தடித்த பலகை வேண்டாம் என்றவுடன் முழு உடலும் ஒலிக்கிறது. கயிற்று விளிம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த எளிமை ஒன்றுதான். அது மிகத் தெளிவாகத் தெரிவது மலிவான ஒன்றாம் மாதிரியில்.

இக்கருவியை அறிய விரும்பும் மாணவர் சேகரிப்பாளரின் கேள்விகளோடு மேலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது இப்போது வாசிக்கப்படுகிறதா? இதில் பழுதுபார்க்கப்பட்ட இடங்கள் என்ன சொல்கின்றன? இதில் வாசிக்கப்படும் முறை யாரிடமிருந்து வந்தது? முதல் கேள்வி கருவியை இசையோடு இணைக்கிறது. இரண்டாவது, பழுதைக் குறையாகப் பார்க்காமல் பயன்பாட்டின் தடயமாகப் பார்க்கச் சொல்கிறது. மூன்றாவது, லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டறையைத் தாண்டி லாயியே வரை செல்லச் சொல்கிறது. பழைய வைசன்போர்னை வாங்க வசதி இல்லாதவர்களும் இம்மூன்று கேள்விகளின் வழியாக அக்கருவியை முழுமையாக அறிய முடியும்.